அடம், அலறல், அடிதடி, தூங்காமை: குழந்தையிடம் முதலில் எதைப் பார்ப்பது?

ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்காக எழுதியது இது. சொந்தபந்தத்திலும் நண்பர்கள் வீட்டிலும் திரும்பத் திரும்ப வருவது அதே ஏழெட்டுப் புகார்கள்தான், காரணம் கிடைப்பதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான். தேடும் வரிசை: முதலில் உடம்பு, அப்புறம் நேரமும் இடமும், அப்புறம் நாம் அதற்கு என்ன செய்கிறோம் என்பது, அதிலும் தீராவிட்டால் டாக்டர். குழந்தையின் குணம், யாருடைய வளர்ப்பு, யாரைக் கொண்டு பிறந்திருக்கிறது என்கிற விசாரணையெல்லாம் இந்த வரிசையிலேயே கிடையாது. சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் ஃபேனைக் கழற்றுகிற வேலை அது. சில அறிகுறிகளுக்கு மட்டும் வரிசையெல்லாம் பார்க்காமல் நேராக டாக்டரிடம் ஓட வேண்டும், அவற்றை அந்தந்த இடத்திலேயே சொல்கிறேன்.

எந்தப் புகாராக இருந்தாலும் முதல் சோதனை

கடைசியாக எப்போது சாப்பிட்டது? நேற்று இரவும் பகலுமாக எத்தனை மணி நேரம் தூங்கியது? கடைசியாக எப்போது வெளிக்குப் போனது, கஷ்டப்பட்டுப் போனதா? உடம்பு சுடுகிறதா, சளி பிடித்திருக்கிறதா, காதைப் பிடித்து இழுக்கிறதா? கடந்த சில வாரங்களில் வீட்டில் ஏதாவது மாறியிருக்கிறதா: புதுக் குழந்தை, புது வீடு, புதுப் பள்ளி, பார்த்துக்கொள்ளும் ஆள் மாறியது?

தூக்கத்தை மட்டும் உத்தேசமாகச் சொல்லாமல் எண்ணிப் பாருங்கள். பகல் தூக்கத்தையும் சேர்த்து, ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்கு 11 முதல் 14 மணி நேரம், மூன்றிலிருந்து ஐந்து வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். “நல்லாத்தான் தூங்குது” என்று சொன்ன வீடுகளில் எண்ணிப் பார்த்தால் ஒன்பதுதான் வரும். இந்த ஒன்றைச் சரிசெய்தாலே கீழே இருக்கும் பாதி புகார்கள் தானாகக் குறையும்.

கைக்குழந்தை என்றால் கூடுதலாக ஒரு சோதனை. எதற்கும் அடங்காமல் அழுகிறது, பால், டயப்பர் எல்லாம் பார்த்தாயிற்று என்றால் உடுப்பை முழுக்கக் கழற்றி ஒவ்வொரு கைவிரல், கால்விரலாகப் பாருங்கள், ஆண் குழந்தையென்றால் ஆண்குறியையும் பாருங்கள். உதிர்ந்த தலைமுடி ஒன்று சுற்றி இறுகியிருக்கும், விரல் வீங்கிச் சிவந்திருக்கும். எளிதாக எடுக்க வராவிட்டால் உடனே மருத்துவமனை. மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். அழுகை தாங்க முடியாமல் உங்களுக்கே கை பரபரக்கிறது என்றால், குழந்தையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய் இரண்டு நிமிடம் நில்லுங்கள். உலுக்க மட்டும் கூடாது. சில நொடி உலுக்கலே மூளையில் ரத்தக்கசிவு ஏற்படுத்திவிடும்.

அறிகுறி: தரையில் விழுந்து புரண்டு கத்துகிறது

இரண்டு, மூன்று வயதில் இது உச்சத்தில் இருக்கும். அந்த வயதுக்கு இது சாதாரணம்தான், ஆனால் எப்போது வருகிறது என்று பார்த்தால் காரணம் பிடிபட்டுவிடும்.

*தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருகிறதா?* பசி, இல்லாவிட்டால் தூக்கம். வழக்கமாக வெடிக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பு ஏதாவது சாப்பிடக் கொடுத்துப் பாருங்கள், அல்லது பகல் தூக்கத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துங்கள். நான்கைந்து நாளில் வித்தியாசம் தெரிந்தால் முடிந்தது கதை.

*ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது வருகிறதா?* விளையாட்டை விட்டுக் குளிக்க, குளியலை விட்டு வெளியே வர, பூங்காவிலிருந்து வீட்டுக்கு. “இன்னும் அஞ்சு நிமிஷம்” என்பது மூன்று வயதுக்குப் புரியாது, அதற்கு நிமிடம் என்றால் என்னவென்றே தெரியாது. “இன்னும் ரெண்டு தடவை சறுக்கிட்டுக் கிளம்பறோம்” என்றால் புரியும். எண்ணிக் காட்டுங்கள், இரண்டாவது முடிந்ததும் உண்மையிலேயே கிளம்புங்கள். மூன்றாவதுக்கு விட்டால் நாளைக்கு இரண்டு என்ற எண்ணுக்கு மதிப்பில்லை.

*“வேண்டாம்” என்று சொன்ன பிறகு வருகிறதா?* கொஞ்சம் சங்கடமான இடம் இதுதான். மூன்று முறை மறுத்து நான்காவது முறை, தொல்லை தாங்காமல், கொடுத்திருப்போம். குழந்தை அதிலிருந்து கற்றுக்கொண்டது ஒன்றுதான்: நான்கு முறை கத்த வேண்டும். எப்போதுமே கொடுப்பதைவிட, எப்போதாவது கொடுப்பதுதான் பழக்கத்தைக் கெட்டியாக்கும். கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முதல் முறை கேட்கும்போதே கொடுத்துவிடுங்கள், தப்பில்லை. கொடுக்கப் போவதில்லை என்றால் கடைசிவரை கொடுக்காதீர்கள். இதில் ஒரு எச்சரிக்கை. நீங்கள் உறுதியாக நிற்கத் தொடங்கியதும் முதல் சில நாட்கள் கத்தல் குறையாது, முன்பைவிடக் கூடும், ஏனென்றால் இதுவரை வேலை செய்த பட்டனைக் குழந்தை இன்னும் பலமாக அழுத்திப் பார்க்கிறது. நிறைய பேர் அந்த இடத்தில்தான் “இது நம்ம குழந்தைக்கு சரிவராது” என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டில் தாத்தா, பாட்டி எல்லாரும் ஒரே பதில் சொல்கிறார்களா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். ஒருவர் மறுத்து இன்னொருவர் உள்ளறையில் கொடுத்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

கத்திக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது? பெரிதாக ஒன்றுமில்லை. தலை இடிபடாத இடத்துக்கு நகர்த்துங்கள், பக்கத்தில் உட்காருங்கள், வாயை மூடிக்கொள்ளுங்கள். அறிவுரை எதுவும் அந்த நேரத்தில் உள்ளே போகாது. கோபம் இறங்கி அது வெறும் அழுகையாக மாறும் இடம் ஒன்று வரும், சத்தத்திலேயே தெரியும், அப்போது தூக்கிக்கொள்ளலாம். வெளியிடத்தில் நடந்தால் கூட்டத்தை விட்டு ஓரமாகத் தூக்கிப் போய் இதையே செய்யுங்கள். பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும்.

*கத்தும்போது மூச்சை நிறுத்தி நீலமாகிறதா?* சில குழந்தைகளுக்கு அழுகையின் உச்சத்தில் மூச்சு நின்று, உதடு நீலம் பாரித்து, சில நொடி மயக்கமே வரும். பார்க்கிறவருக்கு உயிர் போய்விடும், ஆனால் பொதுவாக ஒரு நிமிடத்துக்குள் தானே மூச்சு திரும்பிவிடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உலுக்காதீர்கள், வாயில் விரலோ தண்ணீரோ விடாதீர்கள். முதல் முறை வந்தால் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இது அடிக்கடி வரும் என்பதால் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பார். ஒரு நிமிடத்தைத் தாண்டியும் மூச்சோ நினைவோ திரும்பவில்லை என்றால் ஆம்புலன்ஸ்தான்.

*இதற்கு மேல் டாக்டர்:* அடிக்கடி இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கிறது, கத்தும்போதெல்லாம் தன்னையே காயப்படுத்திக்கொள்கிறது, அல்லது ஐந்து வயது தாண்டியும் குறையவில்லை.

அறிகுறி: சொன்னால் காதிலேயே வாங்குவதில்லை

முதலில் நீங்கள் எங்கே நின்று சொல்கிறீர்கள் என்று பாருங்கள். சமையலறையிலிருந்து கூடத்துக்குக் கத்திச் சொன்னது கணக்கில் வராது. பக்கத்தில் போய், குனிந்து, பெயரைச் சொல்லி, முகம் திரும்பியதும் சொல்லுங்கள்.

அடுத்து என்ன சொல்கிறீர்கள் என்பது. “பொம்மையெல்லாம் எடுத்து வைக்கலாமா?” என்று கேட்டால் “வேண்டாம்” என்பது நியாயமான பதில். கேள்வியாகக் கேட்காதீர்கள். “ஓடாதே” என்பதைவிட “நட” என்பது வேகமாக வேலை செய்யும், ஓடாமல் வேறு என்ன செய்வது என்று குழந்தை யோசிக்க வேண்டியதில்லை. ஒரு நேரத்தில் ஒரே வேலை. “பல் தேய்ச்சு, டிரஸ் மாத்தி, பையை எடுத்துட்டு வா” என்றால் கடைசியாகக் கேட்ட பை மட்டும் வரும், அதுவும் வந்தால். சொன்ன பிறகு மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பேசாமல் இருங்கள். அதற்குள் நாம் அடுத்த மூன்று வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறோம், அதுதான் சிக்கல்.

இவ்வளவும் செய்தும் கேட்கவில்லை என்றால் விளைவு வேண்டும், ஆனால் அது உடனே நடக்கக்கூடியதாக, அந்த விஷயத்தோடு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும். பந்தை ஜன்னலில் எறிந்தால் பந்து இன்று உள்ளே போகிறது. “ஞாயித்துக்கிழமை வெளிய கூட்டிட்டுப் போகமாட்டேன்” என்பது மூன்று வயதுக்கு இன்னொரு ஜென்மம். தனியாக உட்கார வைப்பதென்றால் வயதுக்கு ஒரு நிமிடம் போதும், மூன்று வயதுக்கு மூன்று நிமிடம், அதோடு விஷயம் முடிந்தது, பழையதைக் கிளறக் கூடாது.

அடி கொடுத்தால் நிற்காதா என்று கேட்பார்கள். அந்த நிமிடம் நிற்கும். பயத்தில் நின்றது, பயம் போனதும் திரும்ப வரும், கூடவே தன்னைவிடச் சின்னவர்களை அடிக்கலாம் என்ற பாடமும் வரும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2018இல் அடிப்பதும் வேண்டாம், அவமானப்படுத்தித் திட்டுவதும் வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. ஸ்வீடன் 1979இலேயே வீட்டில் அடிப்பதைச் சட்டப்படி தடுத்த நாடு.

*உண்மையிலேயே காது கேட்கிறதா?* இதைச் சோதிக்காமல் திட்டு வாங்கும் குழந்தைகள் நிறைய. பின்னால் நின்று, குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்க முடியாதபடி, அதற்குப் பிடித்த ஒன்றின் பெயரை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். திரும்பினால் சரி. ஒரு நாள் திரும்பி ஒரு நாள் திரும்பவில்லை என்றாலோ, டிவி சத்தத்தைக் கூட்டச் சொன்னாலோ, சளி பிடித்துப் போன பிறகு இப்படி ஆரம்பித்திருந்தாலோ, செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கியிருக்கலாம். வலியே இருக்காது, அதனால் குழந்தை எதுவும் சொல்லாது. காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்தால் தெரிந்துவிடும். வீட்டுச் சோதனையில் தேறினாலும் சந்தேகம் இருந்தால் முறையான செவித்திறன் பரிசோதனை செய்துவிடுங்கள்.

ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்பவில்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட வரவில்லை, இரண்டு வயதில் தானாக இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, அல்லது எந்த வயதிலானாலும் முன்பு பேசிய சொற்கள் காணாமல் போகின்றன: இவற்றில் ஒன்று இருந்தாலும் “பையன்கள் லேட்டாத்தான் பேசுவாங்க” என்ற ஆறுதலைக் கேட்டுக்கொண்டு உட்காராமல் குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள்.

அறிகுறி: அடிக்கிறது, கடிக்கிறது

இரண்டு வயதுக்குச் சுற்றுவட்டாரத்தில் என்றால் பெரும்பாலும் சொல் போதாமல்தான். பல் முளைக்கும் நேரமா என்று ஈறைப் பாருங்கள். பொம்மை தட்டிப் பறிக்கும்போது மட்டும் வருகிறதென்றால் அதே பொம்மையில் இரண்டு வைப்பது, பத்து நாள் நன்னெறி போதிப்பதைவிட மலிவு. கடித்த நிமிடத்தில் பிடித்து நிறுத்தி “கடிக்கக் கூடாது, வலிக்கும்” என்று ஒரே வரி, அதற்கு மேல் பேச்சு இல்லை. பிறகு முதலில் கடிபட்ட குழந்தையைக் கவனியுங்கள். கடித்தவருக்கு முழுக் கவனமும் போனால் அதுவே ஒரு பரிசாகிவிடும். வலி தெரியட்டும் என்று திருப்பிக் கடிப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம்.

மூன்று வயதுக்கு மேலும் தொடர்கிறது, தோல் கிழிகிறது, அல்லது பள்ளியில் மட்டும் நடக்கிறது என்றால் அங்கே யாரிடம், எந்த நேரத்தில் நடக்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

அறிகுறி: படுக்கைக்குப் போய் ஒரு மணி நேரமாகியும் தூங்கவில்லை

எளிய காரணங்கள் மூன்று. பகல் தூக்கம் மாலைவரை நீள்கிறது. படுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் போனோ டிவியோ ஓடுகிறது. நாளெல்லாம் ஓடியாடவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் கொடுத்த கணக்குப்படி ஒன்றிலிருந்து நான்கு வயதுவரை ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடம்பு அசைய வேண்டும், அதைப் பல தவணையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

மூன்றும் சரியாக இருந்தும் தூங்கவில்லை என்றால், தூக்கம் வராத நேரத்தில் படுக்க வைக்கிறீர்களோ என்று பாருங்கள். வழக்கமாக ஒன்பதரைக்குத் தூங்கும் குழந்தையை எட்டுக்குப் படுக்க வைத்தால் ஒன்றரை மணி நேரம் சண்டைதான். சில நாள் ஒன்பதேகாலுக்கே படுக்க வையுங்கள், காலையில் மட்டும் ஒரே நேரத்தில் எழுப்புங்கள், பிறகு கால் மணி நேரமாக முன்னால் நகர்த்துங்கள். தண்ணீர், ஒண்ணுக்கு, இன்னொரு கதை என்று எழுந்து வருகிற குழந்தையை ஒவ்வொரு முறையும் பேச்சில்லாமல் கொண்டுபோய்ப் படுக்க வையுங்கள். சலிப்பாக இருக்க வேண்டும், அதுதான் விஷயமே.

*நடுராத்திரியில் அலறினால்:* மணியைப் பாருங்கள். தூங்கி ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள், கண் திறந்திருந்தும் உங்களை அடையாளம் தெரியாமல் அலறுகிறது, காலையில் கேட்டால் ஞாபகமே இல்லை என்றால் அது ஆழ்ந்த தூக்கத்தில் வரும் பயம். எழுப்பாதீர்கள், எழுப்பினால் கூடும். விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். தினமும் ஒரே நேரத்தில் வந்தால் அதற்குக் கால் மணி முன்பு லேசாக எழுப்பித் திரும்பத் தூங்க வைத்துப் பார்க்கலாம். விடியற்காலை நெருங்கும்போது வந்து, விழித்து, உங்களைக் கட்டிக்கொண்டு கனவைச் சொல்கிறது என்றால் அது கெட்ட கனவு, கூடவே இருந்து சமாதானப்படுத்துங்கள். அலறும்போது கை கால் ஒரே சீராக வெட்டி இழுத்தால் போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். ஐந்து நிமிடம் தாண்டியும் இழுத்தால் வீடியோவை விட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

*குறட்டை விட்டால்:* சளி இல்லாத நாட்களிலும் வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை, வாயைத் திறந்தே தூங்குவது, நடுவில் மூச்சு நின்று திணறி எடுப்பது, பகலில் எரிச்சலும் நிலைகொள்ளாமையும் என்று சேர்ந்து வந்தால் டான்சில் அல்லது அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) பெரிதாகியிருக்கலாம். இதற்கு வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். துறுதுறுப்பு என்று பெயர் வாங்கிய குழந்தைகளில் சிலருக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

அறிகுறி: சாப்பிடவே மாட்டேன் என்கிறது

ஒரு வயதுக்குப் பிறகு வளர்ச்சி வேகம் குறையும், பசியும் அதோடு குறையும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது தட்டை அல்ல, எடைக் குறிப்பை. இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ ஏறிக்கொண்டிருந்து, குழந்தை விளையாடிக்கொண்டும் இருந்தால் பிரச்சினை நம் கணக்கில்தான்.

அடுத்தது பால். ஒரு நாளில் அரை லிட்டருக்கு மேல் போனால் வயிறு அதிலேயே நிறைந்துவிடும், இரும்புச்சத்தும் குறையும். சாப்பாடு இறங்கவில்லையே என்று பாலைக் கூட்டுவதும், பால் கூடியதால் சாப்பாடு இறங்காததும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கும். பாலைக் குறைத்து, நொறுக்குத் தீனியை நேரத்துக்குக் கட்டி, இரண்டு வேளைக்கு நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீர் மட்டும் என்று ஒரு வாரம் வைத்துப் பாருங்கள்.

என்ன, எப்போது, எங்கே என்பது உங்கள் முடிவு. எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு. புது உணவை முதல் முறை துப்பினால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, பத்துப் பதினைந்து முறை தட்டில் பார்த்த பிறகு தொடும் குழந்தைகள் உண்டு. வாயைப் பிடித்துத் திணிப்பது, போனைக் காட்டி ஊட்டுவது இரண்டும் அன்றைக்கு வேலை செய்யும், அடுத்த மாதம் செய்யாது. நான்கு வயதுவரை முழுக் கொட்டைகள் வேண்டாம், திராட்சையை நீளவாக்கில் கீறிக் கொடுங்கள்.

*டாக்டர்:* எடை இறங்குகிறது அல்லது மாதக்கணக்கில் நிற்கிறது, விழுங்கும்போது அடிக்கடி புரை ஏறுகிறது, வெளிறிப்போயிருக்கிறது, மண், சுண்ணாம்பு, காகிதம் என்று தின்கிறது.

அறிகுறி: கழிப்பறைக்குப் பழகிவிட்ட குழந்தை திரும்பவும் ஆடையிலேயே போகிறது

முதல் சந்தேகம் மலச்சிக்கல். ஒருமுறை வலித்திருந்தால் குழந்தை அடக்கும், அடக்க அடக்க இறுகும், கடைசியில் இறுகியதைச் சுற்றித் தண்ணீராகக் கசியும். அதைப் பேதி என்று நினைத்து மருந்து கொடுத்தால் இன்னும் மோசம். காலைக் குறுக்கே வைத்துக்கொண்டு, முகம் சிவந்து மூலையில் நிற்கிறதா என்று பாருங்கள், அது முக்குவதுபோல் தெரிந்தாலும் அடக்குகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம், காலுக்கு ஸ்டூல் போட்டு உட்கார வையுங்கள். ஒரு வாரத்தில் இளகவில்லை என்றால் டாக்டர்.

இரவில் மட்டும் படுக்கை நனைகிறது, வயது ஐந்துக்குள் என்றால் விட்டுவிடுங்கள். ஒண்ணுக்குப் போகும்போது எரிகிறது, காய்ச்சல் இருக்கிறது என்றால் சிறுநீர்ப் பரிசோதனை. புதிதாக நனைக்கத் தொடங்கி, கூடவே தண்ணீர் தண்ணீர் என்று தவித்து, உடம்பும் இளைக்கிறது என்றால் அன்றைக்கே போய் ரத்தச் சர்க்கரை பாருங்கள்.

அறிகுறி: “போரடிக்குது”, காலைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது

பொம்மை குறைவாக இருப்பதால் என்று தோன்றும், நேர்மாறு. 2018இல் வெளியான அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழக ஆய்வில், பதினாறு பொம்மைகளுக்கு நடுவில் விட்டதைவிட நான்கு பொம்மைகளோடு விட்டபோது சின்னக் குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடின. முக்கால்வாசியைப் பெட்டியில் கட்டி மேலே போடுங்கள், வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

அதிலும் அடங்கவில்லை என்றால் குழந்தை கேட்பது பொம்மையை அல்ல, உங்களை. பத்து நிமிடம் போனை வேறு அறையில் வைத்துவிட்டு, அது சொல்கிறபடி மட்டும் விளையாடுங்கள், பாடம் நடத்தாமல். அதற்குப் பிறகு அரை மணி நேரம் தனியாக விட்டுப் போகலாம். முதலிலேயே தனியாக விளையாடச் சொன்னால் ஒட்டிக்கொண்டேதான் திரியும். அட்டைப்பெட்டி, மூடி திறந்து மூடும் டப்பாக்கள், துணி கிளிப், பக்கத்தில் நீங்கள் இருக்கும்போது ஒரு பாத்திரத் தண்ணீரும் கரண்டியும்: இவை விலை கொடுத்து வாங்கியவற்றைவிட நீடிக்கும்.

திரை கடைசி. உலக சுகாதார நிறுவனத்தின் அதே 2019 வழிகாட்டியில் இரண்டு வயதுக்குள் வேண்டாம் என்றும், நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்றும் இருக்கிறது. கொடுப்பதென்றால் அழுகையை நிறுத்த மட்டும் கொடுக்காதீர்கள், ஏன் என்று மேலே அடம் பகுதியில் சொன்னதுதான்.

அறிகுறி: சத்தமே இல்லை

இதற்கு யாரும் புகார் சொல்வதில்லை, ஆனால் உடனே எழுந்து போய்ப் பார்க்க வேண்டிய ஒரே அறிகுறி இது. வரிசை: தண்ணீர், மருந்து, மாடி ஜன்னல், சின்னப் பொருட்கள். வாளியில் நாலு விரல் தண்ணீர் போதும் மூழ்க, அதுவும் சத்தமில்லாமல் நடக்கும்.

ரிமோட் அல்லது பொம்மையின் பின்மூடி திறந்து கிடந்து, பட்டன் பேட்டரி காணவில்லை என்றால் விழுங்கியது என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும், எச்சில் வடிவதைத் தவிர வெளியில் எதுவும் தெரியாமலும் இருக்கலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சாப்பிடவும் கொடுக்காதீர்கள். எக்ஸ்ரே எடுக்க வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள், அதே மாதிரி பேட்டரியோ அதன் எண் போட்ட உறையோ இருந்தால் கையில் எடுத்துப் போங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தத் துண்டுகளை விழுங்கியிருந்தாலும் இதே அவசரம்தான், குடலின் இரு பக்கத்திலிருந்து ஒன்றையொன்று இழுத்து நடுவில் ஓட்டை போட்டுவிடும்.